ஆஸ்துமா மற்றும் சுவாச ஒவ்வாமை: சிகிச்சையில் புதிய அணுகுமுறைகள்

அறிமுகம்

ஆஸ்துமா என்பது நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் மூச்சுக்குழல்களில் நீண்டகாலம் நிலைத்திருக்கும் அழற்சி நோயாகும். இளைப்பு, வீசிங், மூச்சிரைப்பு, ஈழை எனப் பல பெயர்களால் மக்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 26.2 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். சுமார் 4,55,000 பேர் இதனால் உயிரிழந்தனர். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால், ஆஸ்துமாவினால் நிகழும் இறப்புகளில் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டவை இந்தியாவில் நிகழ்கின்றன.

நம் நாட்டில் காணப்படும் ஆஸ்துமா வேறு வகையானது என்பது இதற்குக் காரணமன்று. உரிய மருந்து உரியவரைச் சென்றடையவில்லை என்பதே முதன்மையான காரணம். இந்தியாவின் ஒன்பது மையங்களில் 1,27,309 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2022ஆம் ஆண்டில் வெளியாயின. இளைப்பு அறிகுறி உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்றே கண்டறியப்படவில்லை எனவும், அழற்சியைக் குறைக்கும் இன்ஹேலரை நாள்தோறும் பயன்படுத்துவோர் அவர்களில் 2.5 விழுக்காட்டிற்கும் குறைவு எனவும் அந்த ஆய்வு தெரிவித்தது.

கடந்த இருபது ஆண்டுகளில் ஆஸ்துமா, சுவாச ஒவ்வாமை ஆகியவற்றின் சிகிச்சை குறித்த ஆய்வுகள் பல புதிய முடிவுகளைத் தந்துள்ளன. அவற்றுள் சில, மிகுந்த பொருட்செலவில் மிகச் சிலருக்கு மட்டும் பயன்படுபவை. வேறு சில, எளிய மருந்துகளைக் கொண்டே பலரது உயிரைக் காக்க வல்லவை. இவ்விரு வகைகளையும், அவற்றால் உங்களுக்கு என்ன பயன் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

மூச்சுக்குழலில் நிகழ்வது என்ன?

ஆஸ்துமா தாக்கும்போது மூச்சுக்குழலில் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இரண்டாவது, குழலின் உட்சுவர் வீங்குகிறது. மூன்றாவது, கெட்டியான சளி சுரந்து குழலை அடைக்கிறது. தசை இறுக்கம் சில நிமிடங்களில் தோன்றி, சல்பியூட்டமால் போன்ற மருந்துகளால் சில நிமிடங்களிலேயே தளரக்கூடியது. உட்சுவர் வீக்கமும் சளியும் அவ்வாறல்ல. அவை அழற்சியின் விளைவுகள், சல்பியூட்டமாலால் குறையாதவை. அழற்சியைக் குறைக்கும் மருந்தை உட்கொண்டாலும் அவை நீங்குவதற்குப் பல மணி நேரமோ, சில நாள்களோ ஆகும்.

இந்த வேறுபாடே இப்பக்கத்தில் கூறப்படும் அனைத்திற்கும் அடிப்படை. வீக்கமும் சளியும் நீங்காத குழலில் தசை மட்டும் தளர்ந்தால், நோய் குறைந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் நோய் அப்படியே இருக்கும்.

மூக்கின் உட்படலமும் மூச்சுக்குழலின் உட்படலமும் தொடர்ச்சியானவை. காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர் வடிதல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஆகிய அறிகுறிகள் கொண்ட ஒவ்வாமை மூக்கழற்சி, ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் காணப்படுகிறது. மூக்கழற்சிக்குச் சிகிச்சை பெறாதவர்களிடம் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.

ஒவ்வாமை உள்ளவரின் உடலில் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் மிகுதியாக உருவாகிறது. இதனை 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பணியாற்றிய கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா இணையரும், ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டறிந்தனர். தூசிப்பூச்சி, மகரந்தம், கரப்பான் பூச்சியின் எச்சம், பூஞ்சை, வளர்ப்பு விலங்குகளின் தோல் துகள் போன்றவற்றை இந்த எதிர்ப்பொருள் பகையாகக் கருதி, அழற்சியைத் தூண்டுகிறது. எனினும், ஆஸ்துமா உள்ள அனைவருக்கும் ஒவ்வாமை இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தணிப்பு மருந்தை மட்டும் நம்புவதன் ஆபத்து

சல்பியூட்டமால் 1969ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. அழற்சியைக் குறைக்கும் பெக்லோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972ஆம் ஆண்டு வந்தது. முதலாவது தணிப்பு மருந்து. இரண்டாவது தடுப்பு மருந்து. தணிப்பு மருந்தின் பயனை நோயாளி உடனே உணர்கிறார். தடுப்பு மருந்தின் பயனோ உடனே உணரக்கூடியதன்று. ஆகவே, பல நாடுகளில் நோயாளிகள் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டனர். நம் ஊர்களிலும் இதுவே நடைமுறை. இரவில் இளைப்பு கடுமையாகி, மருத்துவமனையில் நெபுலைசர் வைத்துக்கொண்டு, விடிந்ததும் வீடு திரும்பி, அடுத்த தாக்குதல் வரும்வரை எந்த மருந்தும் எடுக்காதிருப்போர் மிகப் பலர்.

இவ்வாறு தணிப்பு மருந்தை மட்டும் நம்புவதால் என்ன நேரும் என்பதை நியூசிலாந்தின் அனுபவம் காட்டியது. அங்கு 1970களின் பிற்பகுதியில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. ஆற்றல் மிகுந்த தணிப்பு மருந்தான ஃபெனோடெராலுக்கும் இந்த இறப்புகளுக்கும் தொடர்பு இருப்பதாக 1989ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தெரிவித்தது. அந்த மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டபின் இறப்புகள் குறைந்தன.

பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. தணிப்பு இன்ஹேலர் எத்தனை வழங்கப்பட்டது என்ற விவரம் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினர், இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட தணிப்பு இன்ஹேலர்களைப் பெற்றிருந்தனர். நோயின் கடுமை பற்றிய விவரம் கிடைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆஸ்துமா மிதமானது அல்லது இலேசானது என்றே மதிப்பிடப்பட்டிருந்தது. ஆகவே, “எனக்கு இலேசான வீசிங்தான்” என்று கருதுபவரும் ஆபத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர்.

புதிய அணுகுமுறை 1: தணிப்பும் தடுப்பும் ஒரே இன்ஹேலரில்

நோயாளி இளைப்பு வரும்போது மட்டுமே இன்ஹேலரைத் தேடுகிறார் என்றால், அவர் தேடும் அந்த இன்ஹேலரிலேயே அழற்சிக்கான மருந்தையும் சேர்த்துவிடலாம் அல்லவா? இந்த எளிய கேள்வியிலிருந்தே அண்மைக்கால ஆஸ்துமா சிகிச்சையின் மிகப் பெரிய மாற்றம் பிறந்தது.

ஃபார்மோடெரால் என்னும் மருந்து சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரம் பயன் தருகிறது. இதனுடன் பியூடெசொனைடு என்னும் ஸ்டீராய்டைச் சேர்த்து ஒரே இன்ஹேலராக வழங்கினால், நோயாளி இளைப்பைத் தணிக்க மருந்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் அழற்சிக்கான மருந்தும் உட்செல்கிறது. அறிகுறிகள் மிகும் நாள்களில் ஸ்டீராய்டின் அளவும் தானாகவே மிகுகிறது.

இலேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட சிக்மா ஆய்வுகளின் முடிவுகள் 2018ஆம் ஆண்டு வெளியாயின. தணிப்பு மருந்தை மட்டும் பயன்படுத்தியவர்களுடன் ஒப்பிடுகையில், இந்தக் கூட்டு இன்ஹேலரைத் தேவைப்படும்போது பயன்படுத்தியவர்களிடம் கடுமையான தாக்குதல்கள் 64 விழுக்காடு குறைந்தன. நாள்தோறும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்கு இணையான பாதுகாப்பு இவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் இவர்கள் உட்கொண்ட ஸ்டீராய்டின் அளவு, நாள்தோறும் எடுத்தவர்கள் உட்கொண்டதில் 17 விழுக்காடு மட்டுமே. அன்றாட அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவதில் மட்டும், நாள்தோறும் எடுக்கும் முறை சற்று மேலானதாக இருந்தது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் தலைமையில் 668 பேரிடம் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும், தணிப்பு மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிடக் கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களிடம் தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டியது.

இவற்றின் அடிப்படையில், ஆஸ்துமா சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிடும் ஜினா என்னும் பன்னாட்டு அமைப்பு, 12 வயதிற்கு மேற்பட்ட எவருக்கும் தணிப்பு மருந்தை மட்டும் கொண்டு சிகிச்சை அளிக்கக் கூடாது என 2019ஆம் ஆண்டு அறிவித்தது. ஐம்பது ஆண்டு வழக்கம் இவ்வாறு முடிவுக்கு வந்தது. நியூசிலாந்தில் 5 முதல் 15 வயது வரையிலான 360 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், சல்பியூட்டமாலுக்குப் பதிலாகக் கூட்டு இன்ஹேலரைத் தேவைப்படும்போது பயன்படுத்திய குழந்தைகளுக்குத் தாக்குதல்கள் 45 விழுக்காடு குறைந்தன.

பியூடெசொனைடு–ஃபார்மோடெரால் கூட்டு இன்ஹேலர் 2017ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இந்தியாவிலும் பரவலாகக் கிடைக்கிறது. ஒரு முக்கிய எச்சரிக்கை: எல்லாக் கூட்டு இன்ஹேலர்களையும் இம்முறையில் பயன்படுத்த இயலாது. சால்மெடெரால் சேர்ந்த கூட்டு இன்ஹேலர் மெதுவாக வேலை செய்வதால், தணிப்பு மருந்தாகப் பயன்படாது. உங்கள் இன்ஹேலரில் உள்ள மருந்தின் பெயரைப் படித்து, அதனை எம்முறையில் எடுக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிய அணுகுமுறை 2: அழற்சியின் வகையை அறிந்து சிகிச்சை அளித்தல்

ஆஸ்துமா என்பது ஒரே நோயன்று; ஒரே மாதிரியான அறிகுறிகளைத் தரும் பல வகை அழற்சிகளின் தொகுப்பு. இங்கிலாந்தின் டெர்பி நகர மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன், 1958ஆம் ஆண்டிலேயே நோயாளிகளின் சளியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சளியில் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு நன்கு பயன்பட்டதையும், அவை இல்லாதவர்களுக்குப் பயன்படாததையும் கண்டறிந்தார். இந்தக் கண்டுபிடிப்பின் முழுப் பொருளும் மருத்துவ உலகிற்கு விளங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

மெபோலிசுமாப் என்னும் மருந்தின் வரலாறு இதற்குச் சான்று. ஈசினோஃபில்களை வளர்க்கும் இன்டர்லூக்கின்–5 என்னும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்து இது. ஆஸ்துமா உள்ள 362 பேருக்கு, அழற்சியின் வகையைப் பாராமல் இது அளிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. மருந்து தோல்வியுற்றதாகவே பலரும் கருதினர். ஆனால், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலும் கனடாவின் ஹாமில்டன் நகரிலும் இருந்த ஆய்வாளர்கள், சளியில் ஈசினோஃபில் மிகுந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து அதே மருந்தை அளித்தனர். முறையே 61 பேரும் 20 பேரும் மட்டுமே பங்கேற்ற அச்சிறிய ஆய்வுகள் 2009ஆம் ஆண்டு வெளியாயின. இரண்டிலும் கடுமையான தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. மருந்து மாறவில்லை, அதைப் பெறும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறியது. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் அம்மருந்து அனுமதி பெற்றது.

இன்று சளியை ஆராயாமலேயே, எளிய இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் எண்ணிக்கையைக் கொண்டும், வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடின் அளவைக் கொண்டும் அழற்சியின் வகையை ஓரளவு அறியலாம். எனினும், குடற்புழு நோயும், யானைக்கால் புழுவால் நுரையீரலில் ஏற்படும் ஈசினோஃபில் மிகைப்பும் இந்த எண்ணிக்கையை உயர்த்தக் கூடியவை. இரண்டாவது நோயில் இரவு இருமலும் இளைப்பும் தோன்றுவதால் ஆஸ்துமா எனத் தவறாகக் கருதப்படலாம். அதற்கான சிகிச்சையோ வேறு. ஆகவே, பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்ணைக் கண்டு நீங்களாகவே முடிவுக்கு வர வேண்டாம்.

உயிரிய மருந்துகள்: யாருக்கு, எவ்வளவு பயன்?

அழற்சியின் ஒரு குறிப்பிட்ட கண்ணியை மட்டும் தடுக்குமாறு உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள் ஊசிகள் உயிரிய மருந்துகள் எனப்படுகின்றன.

- ஒமாலிசுமாப்: ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளைத் தடுக்கிறது. ஆஸ்துமாவுக்கென அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு அனுமதி பெற்ற முதல் உயிரிய மருந்து.
- மெபோலிசுமாப், பென்ராலிசுமாப்: ஈசினோஃபில்களைக் குறைக்கின்றன.
- டுபிலுமாப்: இன்டர்லூக்கின்–4, இன்டர்லூக்கின்–13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கிறது. மூக்கினுள் சதை வளர்ச்சி, கரப்பான் தோல் அழற்சி ஆகியவை உள்ளவர்களுக்கும் பயன்படுகிறது.
- டெசெபெலுமாப்: மூச்சுக்குழலின் உட்படலத்திலிருந்து வெளிப்பட்டு அழற்சியைத் தொடங்கிவைக்கும் புரதத்தைத் தடுக்கிறது. 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களின் தாக்குதல்களை 56 விழுக்காடு குறைத்தது.

இவை இரண்டு வாரம் முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை தோலுக்கடியில் செலுத்தப்படுகின்றன. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தினால் போதுமான டெபெமோகிமாப் என்னும் மருந்தின் ஆய்வு முடிவுகள் 2024ஆம் ஆண்டு வெளியாயின. அதிலும் தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இம்மருந்துகள் நோயை முற்றிலும் குணப்படுத்துவதில்லை. நிறுத்தினால் பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. விலையும் மிக அதிகம். ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு மட்டுமே கடுமையான ஆஸ்துமா உள்ளது. அவர்களுள்ளும் இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தியும் கட்டுக்குள் வராதவர்களுக்கே இவை தேவைப்படும். “கட்டுக்குள் வராத ஆஸ்துமா” எனப் பரிந்துரைக்கப்படுவோரில் பலருக்கு, இன்ஹேலர் பயன்படுத்தும் முறையைத் திருத்தி, மருந்தைத் தவறாமல் எடுக்கச் செய்தாலே நோய் கட்டுக்குள் வந்துவிடுகிறது. உயிரிய மருந்தை நாடுமுன் இதனை உறுதி செய்துகொள்வது மருத்துவர், நோயாளி இருவரின் கடமையாகும்.

தாக்குதலின்போது அளிக்கும் சிகிச்சையில் மாற்றம்

கடுமையான தாக்குதலின்போது பிரெட்னிசொலோன் மாத்திரை அளிப்பது பல பத்தாண்டு கால நடைமுறை. அது உயிர் காப்பது. இன்றும் முதன்மையான சிகிச்சை அதுவே. ஆனால் அடிக்கடி எடுக்கும்போது அதன் பக்க விளைவுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. வாழ்நாளில் நான்கைந்து முறை குறுகிய காலத்திற்கு எடுத்தாலே எலும்பு மெலிவு, கண்புரை, நீரிழிவு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது இன்று தெரியவந்துள்ளது.

பிரித்தானிய ஆய்வாளர்கள் 158 பேரிடம் நடத்தி 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமாவோ நீண்டகால மூச்சடைப்பு நோயோ கொண்டு, ஈசினோஃபில் மிகுந்திருந்த நோயாளிகளுக்குத் தாக்குதலின்போதே பென்ராலிசுமாப் ஊசி ஒருமுறை அளிக்கப்பட்டது. 90 நாள்களுக்குள் சிகிச்சை பயனளிக்காமல் போனோர், பிரெட்னிசொலோன் மட்டும் பெற்றவர்களில் 74 விழுக்காடு. ஊசி பெற்றவர்களில் 45 விழுக்காடு. இது நம்பிக்கையளிக்கும் தொடக்க நிலை முடிவு. பெரிய ஆய்வுகளில் உறுதி செய்யப்படும்வரை இது நடைமுறைச் சிகிச்சை ஆகாது.

புதிய அணுகுமுறை 3: ஒவ்வாமைக்கே சிகிச்சை

ஒவ்வாமையைத் தரும் பொருளையே மிகச் சிறு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி உடலுக்குப் பழக்கும் சிகிச்சை முறை புதியதன்று. லண்டன் புனித மேரி மருத்துவமனையில் பணியாற்றிய லியோனார்ட் நூன், புல் மகரந்தச் சாற்றைக் கொண்டு இதனைச் செய்து 1911ஆம் ஆண்டு வெளியிட்டார். நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த முறை, தரப்படுத்தப்பட்ட மருந்துகளின் வரவால் இன்று புத்துயிர் பெற்றுள்ளது. ஊசியாக மட்டுமன்றி, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் இது அளிக்கப்படுகிறது. தூசிப்பூச்சி ஒவ்வாமையால் ஆஸ்துமா உள்ள 834 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இம்மாத்திரையை எடுத்தவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரின் அளவைக் குறைத்தபோது தாக்குதல் ஏற்படும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

இச்சிகிச்சையை நாடுவோர் அறிய வேண்டியவை:

- குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும்.
- ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது தொடங்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம்.
- ஊசி போட்டபின் குறைந்தது 30 நிமிடங்கள் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.
- உங்கள் அறிகுறிகளுக்கும் ஒவ்வாமைப் பொருளுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். பரிசோதனையில் ஒரு பொருள் “பாசிட்டிவ்” என வந்தால், அப்பொருளால்தான் உங்களுக்கு நோய் வந்தது எனக் கொள்ளலாகாது. பல பொருள்களுக்கு ஒரே நேரத்தில் சோதிக்கும் விலையுயர்ந்த பரிசோதனையைக் கொண்டு உணவுகளைக் கைவிடுவது தவறு.

எதிர்கால ஆய்வுகள்

ஆஸ்துமா வராமலே தடுக்க முடியுமா என்பது இன்றைய ஆய்வுகளின் பெரிய கேள்வி. அமெரிக்காவில் வாழும் ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரு வேளாண் சமூகத்தினர் ஒத்த மரபுவழி கொண்டவர்கள். ஆமிஷ் குடும்பங்கள் மாடுகளை வீட்டருகே வைத்து மரபுமுறையில் வேளாண்மை செய்கின்றன. ஹட்டரைட் சமூகத்தினர் இயந்திர வேளாண்மை செய்கின்றனர். ஆமிஷ் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கும், ஹட்டரைட் குழந்தைகளில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா காணப்படுகிறது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் உள்ள நுண்ணுயிர்ப் பொருள்கள், பிறந்தது முதல் நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குவதாக 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது. வீட்டுத் தூசி நல்லது என்பது இதன் பொருளன்று. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்குத் தூசி தீங்கானதே. எந்தப் பொருள், எந்த வயதில், எந்த அளவில் காக்கிறது என்பதே இனி அறிய வேண்டியது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, மூச்சுக்குழல் இறுகும்போது அதன் உட்படலச் செல்கள் நெருக்கப்பட்டு வெளித்தள்ளப்படுவதையும், அதனால் உட்படலம் சிதைந்து புதிய அழற்சி தொடங்குவதையும் காட்டியது. இந்தச் சிதைவைத் தடுக்கும் முயற்சி எலிகளில் பயனளித்தது. நோயாளிகளிடம் இன்னும் சோதிக்கப்படவில்லை. ஆயினும், ஒரு தாக்குதல் அடுத்த தாக்குதலுக்கு வழிவகுக்கிறது என்பதையும், ஒவ்வொரு தாக்குதலையும் தடுப்பது ஏன் இன்றியமையாதது என்பதையும் இந்த ஆய்வு உணர்த்துகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்களிடம் சல்பியூட்டமால் இன்ஹேலர் மட்டும் இருந்தால், அழற்சிக்கான மருந்து தேவையா என்பதை அடுத்த மருத்துவ ஆலோசனையிலேயே கேளுங்கள். அதுவரை இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

2. ஓராண்டில் எத்தனை தணிப்பு இன்ஹேலர்கள் தீர்ந்தன என எண்ணுங்கள். மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் தாக்குதலுக்கான ஆபத்து கூடியுள்ளது. பன்னிரண்டை எட்டினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் இந்த எண்ணிக்கையைக் கூறுங்கள்.

3. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என அஞ்ச வேண்டாம். அது போதைப்பொருளன்று. ஒருமுறை இழுக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை. அதுவும் நேரே நுரையீரலுக்குச் செல்கிறது. கடும் தாக்குதலின்போது ஐந்து நாள்களுக்கு அளிக்கும் 40 மில்லிகிராம் மாத்திரைகளின் மொத்த அளவு 200 மில்லிகிராம். அது உடல் முழுவதும் பரவுகிறது. இன்ஹேலருக்கு அஞ்சி மாத்திரையை நாடுவது சிறிய அளவைத் தவிர்த்துப் பெரிய அளவை ஏற்பதாகும்.

4. இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையை மருத்துவர் அல்லது செவிலியர் முன்னிலையில் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளும் முதியோரும் ஸ்பேசர் வழியே எடுப்பது நல்லது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

5. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, சாம்பிராணி, பட்டாசுப் புகை ஆகியவற்றைத் தவிருங்கள். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

6. தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

7. கர்ப்பிணிகள் ஆஸ்துமா மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. தாயின் மூச்சுத்திணறல், இன்ஹேலர் மருந்தைவிடக் கருவிலுள்ள குழந்தைக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத அளவு மூச்சுத்திணறல்
- தணிப்பு இன்ஹேலர் எடுத்தும் இளைப்பு குறையாமை, அல்லது குறைந்து சில மணி நேரத்திற்குள் மீண்டும் வருதல்
- உதடு, நகம் நீலம் பாய்தல்
- மூச்சிழுக்கும்போது கழுத்துக் குழியும் விலா இடுக்குகளும் உள்வாங்குதல்
- குழப்பம், மயக்கம், அல்லது மூச்சுத்திணறல் இருந்தும் இரைச்சல் திடீரென அடங்கிவிடுதல்

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். ஊர்தி வரும்வரை நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, தணிப்பு இன்ஹேலரைத் தொடர்ந்து அளியுங்கள். விடியட்டும் எனக் காத்திருக்க வேண்டாம்.

முடிவுரை

ஆஸ்துமா ஆய்வுகள் இன்று பல கோடி ரூபாய் மதிப்புள்ள மூலக்கூறுகளை நோக்கிச் செல்கின்றன. கடுமையான நோயால் அல்லற்படுவோருக்கு அவை புதுவாழ்வு தருபவை. ஆயினும், மிகப் பெரும்பாலோரைக் காக்கக் கூடிய கண்டுபிடிப்பு ஏற்கெனவே நம் மருந்தகங்களில் உள்ளது. இளைப்பைத் தணிக்கும் ஒவ்வொரு முறையும் அழற்சிக்கும் மருந்து செல்ல வேண்டும் என்பதே அது. அம்மருந்து உங்களிடம் உள்ளதா என்பதை இன்றே பாருங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்குரிய மருந்தையும் அளவையும் மருத்துவரின் ஆலோசனைப்படியே முடிவு செய்ய வேண்டும்.